வீட்டு முயலின் கூண்டுக்கு என்ன தரை போடலாம்?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட மாதிரி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். திருச்சியில் வாடகை வீடு, ஒரு வயதை நெருங்கும் வெள்ளை முயல், எடை 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இரவில் கம்பித் தரை போட்ட கூண்டு, பகலில் ஹாலில் வழவழப்பான டைல்ஸ். போன வாரம் அதன் பின்னங்கால் குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடி போய்ச் சிவந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். விற்ற கடைக்காரர் மரத்தூள் போடச் சொல்கிறார், தோழி குழந்தைகள் விளையாடும் ஃபோம் மேட் வாங்கச் சொல்கிறார், இரண்டில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. அந்தச் சிவப்புக்குத் தரைதான் காரணமா என்பது ஒன்று. காலும் கெடாமல், வீட்டுக்காரரின் தரையும் கெடாமல் தினமும் சமாளிக்கக்கூடிய ஏற்பாடு எது என்பது இன்னொன்று. நான் 18 வருடமாகக் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். முதல் பாதி பண்ணை முயல்களோடு போனது, இப்போது வருவதெல்லாம் பெரும்பாலும் உங்களைப் போன்றவர்கள் வீட்டில் வளர்க்கும் முயல்கள். உங்கள் முயலின் காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை, அதனால் காயத்தைப் பற்றிச் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். தரையைப் பற்றி உறுதியாகவே சொல்ல முடியும்.

முதலில் அதன் பாதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் பாதத்தின் அடியில் மெத்தை மாதிரி தடித்த தோல் இருக்கிறது. முயலுக்கு அது கிடையாது. மெல்லிய தோல், அதன்மேல் அடர்த்தியான முடி, அவ்வளவுதான். அந்த முடிதான் அதற்குச் செருப்பு. மண்ணில் நிற்கும்போது நகம் உள்ளே இறங்கிவிடும், விரல்கள் சமமாகப் பதியும், உடம்பின் பாரம் விரலுக்கும் குதிகாலுக்கும் பிரிந்து போகும். கடினமான தரையில் நகம் இறங்க இடமில்லை. விரல் மேலே தூக்கிக்கொள்கிறது, பாரம் முழுக்கப் பின்னால் குதிகாலில் போய் உட்காருகிறது. நகம் வளர்ந்துவிட்டால் இது இன்னும் மோசமாகும். நாள் முழுக்க ஒரே புள்ளியில் எடை விழுந்தால் முடி தேயும், பிறகு தோல் சிவக்கும், பிறகு புண்ணாகும், அந்தப் புண்ணில் கிருமி புகுந்தால் எலும்பு வரைக்கும் போகலாம். முயல் வளர்ப்பவர்கள் இதைத்தான் சோர் ஹாக்ஸ் என்கிறார்கள்.

உங்கள் முயல் வெள்ளை நிறம், சிவப்புக் கண் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் நியூசிலாந்து வெள்ளை ரகமாகவோ அதன் கலப்பாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே கடைகளில் குட்டி முயல் என்று கையளவில் விற்கப்படுபவற்றில் நிறைய, இறைச்சிக்காக உருவான இனங்களின் குட்டிகள்தான். நியூசிலாந்து வெள்ளை வளர்ந்தால் 4 முதல் 5 கிலோ வரை போகும். ஆக, இன்றைய எடைக்குத் தாங்குகிற தரை, எடை கூடினால் தாங்காமல் போகலாம். கடையில் கூண்டு வாங்கும்போது இதை யாராவது சொன்னால் எவ்வளவோ கால்கள் தப்பிக்கும்.

கம்பித் தரை எப்படி வழக்கத்துக்கு வந்தது என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் அதை ஏமாற்றி விற்கவில்லை. பண்ணையில் அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. முயல் புழுக்கையில் வெளியேறும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் ஈரத்தில் கிடந்தால் சில நாட்களில் நோய் பரப்பும் நிலைக்கு வந்துவிடும், குட்டிகள் கழிச்சலில் கொத்தாகச் சாகும். புழுக்கையும் சிறுநீரும் கம்பி வழியாகக் கீழே விழுந்துவிட்டால் அந்தத் தொல்லை குறைகிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய ஆராய்ச்சி மையத்தின் பண்ணையில் தொடங்கி, கொட்டகை போட்டு 50 முயல் வைத்திருப்பவர் வரை கம்பி வலைக் கூண்டைப் பயன்படுத்துவதற்குக் காரணம் இதுதான். ஆனால் பண்ணைக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு. இறைச்சி முயல் அந்தக் கம்பியில் இருப்பது சில மாதம். உங்கள் முயல் 8 வருடம், 10 வருடம் உங்களோடு இருக்கப் போகிறது.

கம்பி எல்லாமே கெடுதலா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருக்கிறது. தடித்த கம்பி, அரை அங்குலக் கண், துரு இல்லாத மழமழப்பு, மெலிந்த முயல், இத்தனையும் சேர்ந்தால் வருடக்கணக்கில் காலில் ஒன்றும் வராத முயல்களை நானே பார்த்திருக்கிறேன். அதே கம்பியில் பக்கத்துக் கூண்டு முயலுக்கு மூன்றே மாதத்தில் புண் வந்ததையும் பார்த்திருக்கிறேன். பாதத்தில் முடி குறைவாக உள்ள ரெக்ஸ் இனத்துக்கும், கனமான இனங்களுக்கும் ஆபத்து கூடுதல் என்பதில் சந்தேகமில்லை. ஐரோப்பியப் பண்ணைகளில் கம்பிமேல் பிளாஸ்டிக் பாதப் பலகை ஒன்றை வைத்துவிடுகிறார்கள், முயல் அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது, புண் குறைகிறது. பண்ணைக்காரரே கம்பியை மறைக்கப் பலகை போடுகிறார் என்றால் வீட்டில் நாம் யோசிக்க வேறென்ன இருக்கிறது. கடைக் கூண்டுகளில் வரும் மெல்லிய, அகலக் கண் கம்பியை நான் எந்த முயலுக்கும் சொல்ல மாட்டேன். விரல் சிக்கி நகத்தோடு பிய்ந்து வந்தவை பல. உங்கள் கூண்டில் அந்தக் கம்பித் தட்டு கழற்றுகிற மாதிரி இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். கழற்ற முடியாவிட்டால் கூண்டுக்குள் அடங்குகிற அளவில் ஒரு பலகையை வெட்டி மேலே போடுங்கள். பெயின்ட், வார்னிஷ் பூசாத சாதாரணப் பலகை போதும், கொறித்தாலும் பரவாயில்லை.

அடுத்தது டைல்ஸ். உண்மையைச் சொன்னால் உங்கள் கேள்வியில் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது ஹால் டைல்ஸ்தான், கம்பி இரண்டாவது. பூனையின் எலும்புக்கூடு அதன் எடையில் 12, 13 சதவீதம் இருக்கும். முயலுக்கு 7, 8 சதவீதம்தான். ஆனால் பின்னங்கால் தசையோ அவ்வளவு பலம். பிடிப்பில்லாத தரையில் பயந்து உதைத்தால் அந்த உதை தரைக்குப் போகாமல் இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் திரும்பி வருகிறது. சில வருடத்துக்கு முன் தீபாவளி அன்று காலை ஒரு பையன் துண்டில் சுற்றி ஒரு முயலைக் கொண்டுவந்தான். வாசலில் சரம் வெடித்திருக்கிறது, முயல் கிரானைட் தரையில் சோபாவுக்கு அடியில் ஓடப் பார்த்து இரண்டு பின்னங்காலும் பக்கவாட்டில் விரிந்து சறுக்கிவிட்டது. மேஜையில் வைத்தபோது முன்னங்காலால் மட்டும் தன்னை இழுத்துக்கொண்டு பையனின் சட்டையை நோக்கிப் போனது. பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினேன், அதற்குத் தெரியவே இல்லை. அந்த முயல் பிழைக்கவில்லை. இப்படி எல்லா முயலுக்கும் ஆகும் என்று சொல்லவில்லை. பெரும்பாலானவை வழுக்கும் தரையில் பம்மிப் பம்மி நடக்கக் கற்றுக்கொள்ளும், அல்லது ஒரு மிதியடியைவிட்டு இறங்கவே இறங்காது. அப்படி இறங்காமல் இருக்கிற முயலைச் சமர்த்து என்று நினைக்கிறோம். அது பயத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஓடாமல் உட்கார்ந்தால் எடை கூடும், கூடின எடை மறுபடியும் அந்தக் குதிகாலுக்குத்தான் போகும்.

சரி, என்ன போடுவது? ஒரே ஒரு மேட் வாங்கி எல்லாவற்றையும் தீர்க்கலாம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தரை நகரக் கூடாது, கால் படும் மேற்பரப்பு கொஞ்சம் அமுங்க வேண்டும், எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும், கொறித்து விழுங்கினால் குடலை அடைக்கக் கூடாது. இந்த நான்கையும் ஒரே பொருள் செய்யாது, அடுக்கினால்தான் வரும். நான் வீட்டில் செய்திருப்பதையே சொல்கிறேன். அடியில் நீர் புகாத தடித்த பி.வி.சி. விரிப்பு, அதன் ஓரங்கள் முயலின் வாய்க்கு எட்டாதபடி கூண்டின் சட்டத்துக்கு அடியில் செருகியிருக்கும். வாடகை வீட்டுத் தரையைக் காப்பாற்றுவது இதுதான். அதன்மேல் நாலாக மடித்த பழைய பருத்தி ஜமுக்காளம். பவானி ஜமுக்காளம் கனமானது, தட்டையான நெசவு, நகம் மாட்டுகிற மாதிரி கண்ணி எழும்பாது, வெயிலில் போட்டால் அரை நாளில் காயும். பளபளவென்று செயற்கைப் பட்டு நூலில் வருவதும் உண்டு, அது வேண்டாம், சொரசொரப்பான பருத்திதான் வேண்டும். இரண்டு வாங்கிவிட்டால் ஒன்று தோய்க்க, ஒன்று போட. அது இல்லையென்றால் பழைய பருத்திப் போர்வையும் சரிதான், ஆனால் மெல்லிய வேட்டி, புடவை எல்லாம் டைல்ஸோடு சேர்ந்து சறுக்கும், மடித்தாலும் சறுக்கும். விரித்தபின் முழங்காலிட்டு உள்ளங்கையை வைத்து, முயல் உதைக்கிற மாதிரி பின்னோக்கி வெடுக்கென்று ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். துணி சுருண்டாலோ நகர்ந்தாலோ அடியில் ஏதாவது பிடிப்பு வைக்க வேண்டும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் முசிறிக் கோரைப்பாய் கிடைக்குமே, ஓடுகிற இடத்துக்கு அது எனக்குப் பிடித்த விரிப்பு. கோரை புல் மாதிரியான செடிதான், கொறித்தாலும் கெடுதல் குறைவு, கால் வழுக்காது, கோடையில் சூடு தங்காது. வாங்கும்போது பாவு நூலைப் பாருங்கள். இப்போது பல பாய்கள் பிளாஸ்டிக் நூலில் நெய்யப்படுகின்றன, கோரையைத் தின்றபின் அந்த நூல் நீளமாகத் தொங்கும், அதையும் சேர்த்து விழுங்கும். பருத்தி நூல், சாயம் போடாத பாய், அது போதும். கூண்டுக்குள் சாய்ந்து தூங்கும் இடத்துக்குப் பாய் மட்டும் போதாது, அது கடினம். அங்கே ஜமுக்காளத்தின்மேல் நான்கு விரல் உயரத்துக்கு வைக்கோலோ காய்ந்த புல்லோ போடுங்கள். வைக்கோல் நல்ல மெத்தை, மலிவு. ஆனால் ஈரத்தை உறிஞ்சுவதில் அது சுமார்தான். கையில் எடுத்து மோந்து பாருங்கள், புழுங்கின வாசனையோ கருப்புப் புள்ளியோ இருந்தால் மாட்டுக்கும் போடாத வைக்கோல் அது, முயலுக்கு வேண்டவே வேண்டாம்.

இவ்வளவும் செய்துவிட்டு மூத்திர மூலையைக் கவனிக்காவிட்டால் எல்லாம் வீண். புண்ணுக்குக் கடினமான தரை எவ்வளவு காரணமோ அதே அளவு ஈரமும் காரணம். நனைந்த முடி ஒட்டிக்கொள்ளும், தோல் ஊறும், ஊறின தோல் சீக்கிரம் உரியும். முயல் ஒரு கிலோ எடைக்குத் தோராயமாக 50 முதல் 150 மில்லி தண்ணீர் குடிக்கும். உங்கள் முயல் வெயில் காலத்தில் அரை லிட்டர் வரை குடிக்கலாம், அது எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். நல்ல வேளையாக முயல் பெரும்பாலும் ஒரே மூலையைத்தான் தேர்ந்தெடுக்கும். இரண்டு நாள் பாருங்கள், எந்த மூலை என்று அதுவே காட்டும். அங்கே ஒரு சதுர பிளாஸ்டிக் டப், உயரம் ஒரு ஜாண், முன்பக்கம் ஏற வசதியாக வெட்டி, வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். உள்ளே செய்தித்தாள் ஏழெட்டு மடிப்பு, அதன்மேல் கிழித்த காகிதமோ காகித பெல்லட்டோ (காகிதக் கூழை அழுத்திச் செய்த சிறு துண்டுகள்), அதன்மேல் கை நிறைய காய்ந்த புல். புல்லைத் தின்றுகொண்டே புழுக்கை போடுவது அதன் இயல்பு, அதனால் புல் இருக்கும் இடத்தைத் தேடி அதுவே போகும். ஒரு வயது என்றால் கருத்தடை செய்திருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும். செய்யாத ஆண் முயல் எல்லையைக் குறிக்க எல்லாப் பக்கமும் பீய்ச்சும், டப் வைத்தும் பலன் முழுதாக இருக்காது. காலையில் எழுந்ததும் விரிப்பின்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்து எடுங்கள். கை சில்லென்று ஈரமாக வந்தால் அந்த விரிப்பு அன்றைக்கு மாற்றப்பட வேண்டும், பார்வைக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி.

இப்போது உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு யோசனைகள். மர அறுவை மில்லில் வாங்கும் தூளை நான் சொல்ல மாட்டேன். அது என்ன மரம் என்று மில்காரருக்கே தெரியாது, பிளைவுட் பசையும் கலந்திருக்கலாம், நைசான தூசி மூக்குக்குள் போகும், முயலுக்கு ஏற்கெனவே சளித் தொந்தரவு சீக்கிரம் வரும். இது உறுதி. செடார், பச்சைப் பைன் போன்ற வாசனை மரங்களின் சீவல் ஈரலின் நொதிகளை மாற்றுகிறது என்பது எலிகள், சுண்டெலிகளில் பார்க்கப்பட்டது. சூட்டில் உலர்த்தி அழுத்திய பைன் பெல்லட்டும் அப்படிச் செய்யுமா என்பதில் மருத்துவர்களுக்குள் ஒரே பேச்சு இல்லை. நான் அதை டப்புக்கு அடியில் மட்டும், மேலே புல் மூடி, அனுமதிக்கிறேன். பூனைக்கான கட்டியாகும் மணல் கூடவே கூடாது, தின்றால் வயிற்றிலும் அதேபோலக் கட்டியாகும். ஃபோம் மேட் காலுக்கு மெத்தென்று இருக்கும் என்பதை மறுக்கவில்லை, ஆனால் முயல் அதன் பல் மாதிரியான ஓரத்தைத்தான் முதலில் கடிக்கும், துண்டு துண்டாக விழுங்கும், குடல் நின்றுவிட்டால் ஒரு நாளுக்குள் உயிருக்கே ஆபத்து. நீங்கள் கூடவே உட்கார்ந்திருக்கும்போது விரித்து, எழும்போது சுருட்டி வைக்கிறீர்கள் என்றால் சரி. கண்ணி எழும்பிய கம்பளமும் பிரியும் சாக்கும் நகத்தைப் பிடிக்கும். தேங்காய் நார் மிதியடி வாசலுக்கு நல்லது, முயல் பாதத்தை அரம் மாதிரி அராவும்.

தரையை மண்ணாகவே விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பாதத்துக்கு மண்தான் மிகச் சிறந்த தரை, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் தோண்டி வெளியே போகும், பெருச்சாளி தோண்டி உள்ளே வரும், பாம்பு வரும், மழையில் சேறாகும், காக்சிடியா அந்த ஈரத்தில்தான் செழிக்கும். கீழே வலை புதைத்து, மேலே கூரை போட்டு, பகலில் சில மணி நேரம் விடலாம். மொட்டை மாடி சிமென்ட் தரை வேண்டாம், திருச்சி வெயிலில் உங்கள் காலே தாங்காது.

கோடையைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் முயல் தரையைப் பற்றிப் பேச முடியாது. 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் திணறும், அதற்கு வியர்வையில் சூட்டை இறக்கத் தெரியாது, காது வழியாகத்தான் ஓரளவு இறக்கும். அதனால் எல்லா டைல்ஸையும் மூடிவிடாதீர்கள். சுவரோரம் ஒரு டைல்ஸ் அளவுக்கு வெறும் தரையை விட்டுவிடுங்கள், மதியம் அதன்மேல் வயிற்றை ஒட்டி நீட்டிப் படுத்துக்கொள்ளும். ஓடும் பாதையில் அந்த இடைவெளி வரக் கூடாது, ஓர் ஓரத்தில் இருக்கட்டும். ஈரச் சாக்கைக் கூண்டின் பக்கவாட்டில் தொங்கவிடலாம், தரையில் மட்டும் போட வேண்டாம். கூண்டு குளிரும், கால் ஊறும். ஐப்பசி, கார்த்திகையில் தொல்லை தலைகீழாகும். துணி காயாது, ஈ மொய்க்கும், அழுக்கடைந்த பின்புறத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். அந்த இரண்டு மாதம் விரிப்பைக் குறைத்து வைக்கோலைக் கூட்டுங்கள், தினமும் வாரிக் கொட்டிவிடலாம்.

கழுவும் விஷயத்தில் ஒன்று. முயல் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், காய்ந்தால் வெள்ளையாகப் படியும், சோப்புக்குப் போகாது, வினிகர் தெளித்துப் பத்து நிமிடம் விட்டால் போகும். உங்கள் ஹால் டைல்ஸுக்கு இது சரி. மார்பிளோ மொசைக்கோ இருந்தால் வினிகரை ஊற்றாதீர்கள், புளிப்பு அந்தக் கல்லையே அரித்து மங்கலாக்கிவிடும், வீட்டுக்காரரிடம் முன்பணம் வாங்குவது கஷ்டமாகிவிடும். ஃபினாயில் கூண்டுக்குள் வேண்டாம். சிறுநீர் சில நாள் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ தெரிந்தால் உடனே பதற வேண்டாம், தின்ற செடியின் நிறமாகவும் இருக்கலாம். முயல் முக்கி முக்கிப் போனாலோ, இரண்டு நாளுக்கு மேல் அப்படியே இருந்தாலோ காட்டுங்கள்.

கடைசியாக அந்தக் கால். ஒருவர் முயலை மார்போடு சேர்த்துப் பின்புறத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளட்டும், இன்னொருவர் டார்ச் அடித்து இரண்டு குதிகாலையும் பார்க்கட்டும். மல்லாக்கப் போடாதீர்கள், துள்ளி முதுகை முறித்துக்கொள்ளும். முடி இல்லாமல், வழவழப்பாக, வெளிர் ரோஜா நிறத்தில், உலர்ந்திருந்தால் அது காய்ப்பு, கனமான முயலுக்கு அது இருக்கலாம், தரையை மாற்றிவிட்டு வாரம் ஒரு முறை அதே வெளிச்சத்தில் படமெடுத்து ஒப்பிட்டு வாருங்கள். அடர்ந்த சிவப்பு, வீக்கம், பொருக்கு, ரத்தம், தொட்டால் காலை இழுத்துக்கொள்வது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள். நகம் நீண்டிருந்தால் வெட்டிவிடச் சொல்லுங்கள், எடையையும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் அமாக்சிசிலின் வாங்கி வாயில் ஊற்றாதீர்கள். மனிதக் குழந்தைக்குக் கொடுக்கும் அந்தச் சிரப் முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்துக் கழிச்சலில் கொன்றுவிடும். எழுதிக் கொடுப்பவர் முயல் அதிகம் பார்க்காதவராக இருந்தால், முயலுக்கு வாய்வழியாகப் பெனிசிலின் வகை கூடாதே டாக்டர் என்று நீங்களே தயங்காமல் கேளுங்கள், அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.